டுபாயில் ஜனவரி, ஒஷாவாவில் யூலை

தை மாதம் பிறந்தால் வளைகுடா நாடுகளில் இருக்கும் எமது உறவினர்கள் படங்கள் அனுப்பத் தொடங்கி விடுவார்கள். பூங்காவில் பாய் விரித்திருப்பார்கள். நடுவில் சோற்றுச் சட்டி, பொரித்த மீன், ஒரு பக்கம் கரி அடுப்பு. பிள்ளைகள் அரைக்கைச் சட்டையுடன் ஓடித் திரிவார்கள். அதே கிழமை நாங்கள் இங்கே கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்போம். "பாலைவனத்தில் இருப்பவர்களே வெளியில் இருந்து சாப்பிடுகிறார்கள், நாங்கள்தான் நாலு சுவருக்குள் கிடக்கிறோம்" என்று எம்மவர் பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

சலிப்பில் நியாயம் இருக்கின்றது. ஆனாலும் அந்தப் படங்களில் எமக்கு ஒரு பாடமும் இருக்கின்றது. புதிதாக இந்தப் பக்கம் குடியேறியிருக்கும் குடும்பங்கள் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பாலைவனத்தில் கதவு திறக்கும் காலம்

டுபாயில் யூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். கடலோர ஊர் என்பதால் இரவிலும் புழுக்கம் விடாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று விதியே இருக்கின்றது. அந்த மாதங்களில் அங்குள்ளவர்களும் எம்மைப் போலத்தான் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். எமக்கு ஹீற்றர், அவர்களுக்கு ஏசி. வித்தியாசம் அவ்வளவுதான்.

நவம்பர் வந்ததும் ஊர் மாறிவிடும். ஜனவரியில் பகலில் 24 பாகை அளவு, இரவில் 14, 15 பாகை. தேநீர்க் கடைகள் மேசை கதிரைகளை வெளியே போடும். அல் மம்சார் போன்ற கடற்கரைப் பூங்காக்களில் இறைச்சி சுடும் இடங்கள் மாலையானதும் நிரம்பிவிடும். 'குளோபல் வில்லேஜ்' என்ற பெரிய திறந்தவெளிச் சந்தை கோடை முழுவதும் மூடிக்கிடந்து, குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் திறக்கின்றது. குவைத்தில் நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பாலைவனத்தில் கூடாரம் அடிக்கும் காலம். வசதியான குடும்பங்களும் நகரத்து வீட்டை விட்டு மணலுக்குப் போய், நெருப்பைச் சுற்றி இருந்து சாப்பிடுகின்றன. ஒரு அறையில் பலர் சேர்ந்து சமைத்து உண்ணும் எமது தொழிலாளர்களும், விடுமுறை நாளில் சோற்றுப் பார்சலுடன் கடற்கரைக்குப் போவது இந்த மாதங்களில்தான்.

வெயில் அடங்கட்டும் என்று பல மாதம் பொறுத்திருப்பார்கள். அடங்கியதும் ஒரு மாலையையும் வீணாக்க மாட்டார்கள். இதுதான் அந்தப் பாடம்.

எமது நாட்காட்டி தலைகீழ்

இப்போது ஒஷாவாவைப் பாருங்கள். ஜனவரியில் பகலிலேயே பூச்சியத்தைத் தாண்டாத நாட்கள் அதிகம். யூலையிலோ பகலில் 25 பாகை அளவு இருக்கும். அதாவது டுபாயின் ஜனவரிப் பகலும் ஒஷாவாவின் யூலைப் பகலும் ஏறக்குறைய ஒரே இதம். அவர்கள் அனுபவிக்கும் அதே காலநிலை எமக்கும் வருகின்றது. ஆறு மாதம் பிந்தி வருகின்றது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் எந்த மாதமானாலும் ஆறு, ஆறரைக்குப் பொழுது சாய்ந்துவிடும். இங்கே யூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகும். காலை ஷிப்ற் முடிந்து மூன்று மணிக்குப் பக்டரியை விட்டு வெளியே வருபவருக்கு இன்னும் ஆறு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கின்றது! வேலை நாளிலேயே வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சமைத்ததைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம். ஆனால் பழைய பழக்கத்தில் ஆறு மணியானதும் 'இனி எங்கே போவது' என்று கதவைச் சாத்தி விடுகிறோம்.

மே மாதம் விக்ரோறியா தின விடுமுறையில் இருந்து ஒக்டோபர் நன்றியறிதல் விடுமுறை வரை கணக்குப் பாருங்கள். ஏறத்தாழ இருபது வார இறுதிகள் வரும். அதில் ஓவர்ரைம், மழை, கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா எல்லாம் கழித்தால் பத்துத்தான் தேறும். அந்தப் பத்தையும் தொலைக்காட்சிக்கு முன்னால் போக்கினால், அடுத்த குளிர் வந்துவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. பேஸ்மென்டில் குடியிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஊரில் முற்றத்திலும் வேலியோரத்திலும் நாளைக் கழித்த அம்மாமார், இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கையளவு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மகனும் மருமகளும் மாறி மாறி ஷிப்றில். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பேச ஆளில்லை. அவர்களுக்குக் கோடை என்பது ஒரு மருந்து மாதிரி. வேளைக்குக் கொடுக்காவிட்டால் மருந்து இருந்தும் பயனில்லை.

எங்கே போகலாம்?

ஒஷாவாவில் முதலில் சொல்ல வேண்டியது சிம்கோ வீதியின் தெற்கு முனையில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் லேக்வியூ பூங்கா. இந்த நிலம் 1920-இல் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியால் ஊருக்குக் கொடுக்கப்பட்டது. கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடும்பத்துடன் கூடி உண்ட விருந்துகள் அந்தக் காலத்தில் இங்கே நடந்தன. ஆகவே இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் எங்களைப் போன்றவர்கள் இங்கே பாய் விரிக்கக் கூச்சப்படத் தேவையில்லை. இது தொடக்கத்தில் இருந்தே தொழிலாளர் பூங்காதான். மணல், புல்வெளி, பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் உண்டு. ஹென்றி, றொபின்சன், கை என்ற மூன்று பழைய குடும்பங்களின் வீடுகள் அருகிலேயே அருங்காட்சியகமாக இருக்கின்றன.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஹைலன்ட் கிறீக் ஓரமாக மோர்னிங்சைட் பூங்கா இருக்கின்றது. மர நிழல் விரும்புபவர்களுக்கு அது நல்லது. ஒஷாவாவுக்குக் கிழக்கே டார்லிங்ரன் மாகாணப் பூங்கா இருக்கின்றது. அங்கே வாகனத்துக்குக் கட்டணம் உண்டு.

கூழுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை

எமது பண்டிகைகளில் வாசலில் அடுப்பு மூட்டிச் சமைக்க வேண்டியது தைப்பொங்கல். அது இங்கே கடும் குளிருக்குள் வருகின்றது. டுபாயில் இருப்பவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. ஒன்ராறியோ 2014-இலும், கனடிய நாடாளுமன்றம் 2016-இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டன. பெருமைதான். ஆனாலும் பொங்கலை மண்டபத்துக்குள்ளும் குசினிக்குள்ளும்தான் கொண்டாட முடிகின்றது.

ஆனால் ஆடிப்பிறப்பைப் பாருங்கள். அது யூலை 17 அளவில் வரும். ஒஷாவாவில் வெளியில் இருக்க அதைவிட நல்ல நாட்கள் கிடையாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடி வைத்த அந்த நாளை, இங்கே பிறந்த பிள்ளைகள் பெயரளவில்கூட அறியாமல் வளர்கிறார்கள். வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி போட்ட ஆடிக்கூழை வீட்டில் காய்ச்சிப் பெரிய பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தால் போதும். ஒரு பெட்டி கொழுக்கட்டை. அன்று வேலை நாளானால் அடுத்து வரும் சனிக்கிழமை வைக்கலாம்.

உறைப்பு விரும்புபவர்களுக்கு ஒடியல் கூழ். ஒடியல் மா தமிழ்க் கடைகளில் கிடைக்கும். மீன், நண்டு, றால், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு என்று வீட்டுக்கு ஒரு பொருள் பொறுப்பெடுத்தால் யாருக்கும் செலவு தெரியாது. கூழ் தனியாக இருந்து குடிக்கும் சாப்பாடு அல்ல. ஊரில் மரத்தடியில் வட்டமாக இருந்து, பிலா இலையைக் கோலிக் குடித்தோம். இங்கே பிலா இலைக்குப் பதில் கடதாசிக் கோப்பை. ஆனால் வட்டம் அதே வட்டம்தான்.

கவனிக்க வேண்டியவை

* பூங்காவுக்குப் பூங்கா விதி வேறு. நினைத்த இடத்தில் விறகு அடுக்கி நெருப்பு மூட்ட முடியாது. பாபிகியூ அடுப்பு எங்கே வைக்கலாம் என்று நகரசபையிடம் முன்பே கேளுங்கள். ரொறன்ரோ நகரப் பூங்காக்களில் 25 பேருக்கு மேற்பட்ட கூட்டமானால் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

* கறி, சோறு, பால் சேர்ந்த பண்டங்களை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நல்ல வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். பச்சை இறைச்சியை ஐஸ் பெட்டியில் தனியாக வையுங்கள். கோழித் துண்டின் உட்பகுதி 74 பாகை சூடாக வேண்டும். வெளியே கருகியதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

* கரி அணைந்ததுபோல் இருந்தாலும் மறுநாள் வரை உள்ளே சூடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கரிக்கென்று வைத்த தொட்டியில் மட்டும் போடுங்கள். புல்லில் கொட்டினால் இன்னொருவர் பிள்ளையின் கால் வேகும்.

* ரூஜ் ஆற்றுப் பக்கம் போன்ற பற்றைக்காடுகளில் நோய் பரப்பும் உண்ணிகள் இருக்கின்றன. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கால், கக்கம், தலைமுடி எல்லாம் பாருங்கள்.

* ஏரித் தண்ணீரை டேர்ஹம் சுகாதாரப் பகுதியினர் கோடையில் பரிசோதிக்கிறார்கள். பிள்ளைகளை இறக்க முன் அறிவிப்பைப் பாருங்கள்.

* இருந்த இடத்தைக் கூட்டி அள்ளிவிட்டு வாருங்கள். எம்மைப் பற்றி அயலவர் முதலில் அறிவது நாம் விட்டுச்செல்லும் குப்பையில் இருந்துதான்.

குளிரில் இந்த விளையாட்டு வேண்டாம்

மிக முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். குளிர்காலத்தில் ஆசை அடங்காமல் கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ கராஜுக்குள், பேஸ்மென்டுக்குள், மூடிய பல்கனிக்குள் கொண்டுவந்து சுடுபவர்கள் இருக்கிறார்கள். பொங்கல் நாளில் 'வெளி அடுப்பு' என்று கராஜுக்குள் மூட்டுபவர்களும் உண்டு. தயவு செய்து வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி, பிறகு நித்திரை போன்ற மயக்கம். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்தாலும் போதாது.

2008 டிசம்பரில் இந்த மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரில் கணப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டு, இந்த வாயுவால் ஒரே வீட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். அதன் பிறகு 2013-இல் ஒன்ராறியோ சட்டம் கொண்டுவந்தது. எரிபொருளில் இயங்கும் ஹீற்றரோ அடுப்போ உள்ள வீடுகளிலும், கராஜ் ஒட்டிய வீடுகளிலும் படுக்கை அறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். வாடகை வீடானால் அதைப் பூட்டித் தருவது வீட்டுக்காரரின் கடமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கருவி கத்தினால் எல்லோரும் வெளியேறி 911-ஐ அழையுங்கள். காஸ் சிலிண்டரை எந்தக் காலத்திலும் வீட்டுக்குள் வைக்க வேண்டாம். வெளியில் நிமிர்த்தி வையுங்கள். பொங்கலை மின்னடுப்பில் பொங்கி, வாசலில் நின்று சூரியனுக்குப் படைத்தாலும் அது பொங்கல்தான்.

ஒரு வேண்டுகோள்

கார் இல்லாத குடும்பங்கள், ஆங்கிலம் பேசக் கூசும் குடும்பங்கள், வந்து ஒரு வருடமும் ஆகாத குடும்பங்கள் எமது தெருக்களிலேயே இருக்கின்றன. 'வாருங்கள்' என்று யாராவது சொன்னால் வருவார்கள், சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். ஆகவே உங்கள் காரில் ஒரு இருக்கை மிச்சமிருந்தால், போகும்போது பக்கத்து வீட்டு ஆச்சியின் கதவைத் தட்டுங்கள். மடக்குக் கதிரை ஒன்றும், தோளுக்குப் போட ஒரு சால்வையும் எடுத்துச் செல்லுங்கள். ஏரிக் காற்று மாலையில் குளிரும்.