பழைய டிவியும் நஞ்சு வணிகமும்

டெல்லியில் நம் தெருவில் வாரம் தவறாமல் கபாடிவாலா குரல் கேட்கும். பழைய டிவியைப் போட்டால் நூறோ இருநூறோ கிடைக்கும். வீட்டில் இடமும் காலியாகும். அப்புறம் அது எங்கே போகிறது? நானும் வெகுகாலம் கேட்டதில்லை.

யமுனைக்குக் கிழக்கே சீலம்பூர் என்ற பகுதி. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் பழைய கணினி, டிவி, செல்போன் அங்கே வந்து சேர்கின்றன. கையாலேயே உடைத்துப் பிரிக்கிறார்கள். பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. தாமிரத்துக்காக ஒயரை எரிப்பதும், தங்கத்துக்காக சர்க்யூட் போர்டை அமிலத்தில் போடுவதும் இத்தொழிலில் வழக்கம். புகை வேலையாள் நெஞ்சுக்குள், அமிலம் மண்ணுக்குள். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

எங்கள் சமண நூல்கள் இல்லறத்தார்க்கு விலக்கிய வணிகங்களில் நஞ்சு விற்பதும் ஒன்று. கபாடிக்காரரைக் குறை சொல்ல வேண்டாம்; அது அவர் பிழைப்பு. நஞ்சைக் கொடுத்துக் காசு வாங்கியது நாம்தானே!

2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்துள்ளன. பதிவு பெற்ற நிறுவனம் மூலமே அது நடக்கணும்.

ஆகவே அன்பர்களே, ரிப்பேர் ஆகுமா என்று முதலில் பாருங்கள். ஓடுகிற பொருளைத் தேவைப்படுவோர்க்குக் கொடுங்கள். முடியாவிட்டால் தயாரித்த கம்பெனிக்குப் போன் செய்து, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். நூறு ரூபாய் போனால் போகட்டும், பாவக்கணக்கு ஏறாது.