ஒருவர் தரும் ரத்தம், ஒரு சமூகத்தின் விவரம்

சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. அங்கே நாளை ஒரு மரபணு ஆய்வுக் குழு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் கொடுப்பவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். பெயரை நீக்கி எண் போடுவார்கள். ஆனால் “சிதம்பரம் வட்டார இருளர்” என்று ஆய்வேட்டில் அச்சாகும்போது, கையெழுத்தே போடாத பக்கத்து வீட்டுக்காரரும் அதற்குள் வந்துவிடுகிறார். தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சிறிய சமூகம் எதுவானாலும் இதே நிலைதான். சிதம்பரம் தீட்சிதர்களுக்கும் இது பொருந்தும்.

சிலர் தந்த ரத்தம் முழுச் சமூகத்தையும் தொடுவது அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினருக்கு நடந்தே விட்டது. தங்களை வாட்டிய நீரிழிவுக்குக் காரணம் தெரியவரும் என்று நம்பி, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு, ஆதிக் குடிப்பெயர்வு குறித்த ஆய்வுகளுக்கும் போனது. வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது.

நம் மண்ணில் சமூகத்துக்கே முத்திரை குத்தும் கதை இன்னும் பழையது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909-இல் அந்தச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சமூகங்களை மொத்தமாகப் பட்டியலில் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் அது 1947-இல் ஒழிந்தது; சந்தேகம் ஒழியவில்லை. ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டு காவல் சித்திரவதை வழக்கு, இன்றைய கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தில் நடந்தது. உயிரிழந்தவர், அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டிருந்த குறவர் சமூகத்தவர். “இந்தச் சமூகத்துக்கு இந்த மரபணு” என்ற ஒரு வரி எங்கே போய் முடியக்கூடும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அறுவைச் சிகிச்சையின்போது தரப்படும் ஒரு தசைத்தளர்வு மருந்தின் வேகம் ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு, மரபணு மாற்றத்தால், நெடுநேரம் இறங்காது. இது முன்பே தெரிந்தால் மருத்துவர் உயிரைக் காக்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படாத ஆய்வுக்குச் சில தரங்களுக்கு உட்பட்டு விலக்கு தருகிறது. ஒரு சமூகத்தைப் பற்றியே முடிவெடுத்தால்? எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தாங்களே ஆய்வு நெறிமுறை எழுதி, ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். கிள்ளை இருளரும் கேட்கலாம்: எந்த நோய்க்காக எடுக்கிறீர்கள், வேறு ஆய்வுக்குக் கொடுப்பீர்களா, எங்கள் சமூகத்தின் பெயரை எப்படி அச்சிடுவீர்கள்? பதில் தமிழில், எழுத்தில், ஊசி குத்துவதற்கு முன்பே வர வேண்டும்.