பழைய காரும் சிவப்பு ஒயிலும்

பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் எங்கள் யாழ்ப்பாணம். பழைய வாகனத்தைப் பேணுவது எமக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் ஏறிய விலையில், என் கணவர் விட்டுச்சென்ற பழைய ஓட்டோ கியர் காரை மாற்ற நினைக்கவும் முடியவில்லை. அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் அதில்தான்.

சென்ற வருடம், 'டி'யில் போட்டதும் கார் ஒரு கணம் தயங்கி, உதறிக்கொண்டு புறப்படத் தொடங்கியது. ஒரு கராஜில், "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, மாத்தவேணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அன்றிரவு நித்திரை வரவில்லை.

"பொம்பிளை தனியப் போனால் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று சித்தப்பா வேறோர் இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த வயதான மெக்கானிக், ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். "பிள்ளை, மணந்து பாருங்கோ" என்றார். கருகிய மணம். சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில் கடும் கபில நிறமாக இருந்தது.

ஓட்டோ கியரில் இந்த ஒயிலின் அழுத்தத்தால்தான் கியர் மாறுகிறது. சூட்டைத் தணிப்பதும் இதுவே. அடியிலுள்ள நட்டைக் கழற்றினால் முழுவதும் வடியாது. பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே அவர் வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை விட்டார். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒரு தடவை மாற்றினார். உதறல் நின்றது. உலோகத் துகள்களும் வந்திருந்தால் ஒயில் மாற்றுவதால் மட்டும் தீராது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வேலை முடிந்ததும் உதவிப் பையன் பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றப் போனான். நான் தடுத்தேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் போய்ச்சேரும். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்து சனங்கள் பட்ட பாட்டை மறக்கலாமா? அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. மெக்கானிக் அதைக் கழிவு ஒயில் பரலில் ஊற்றுவித்தார்.

சகோதரிகளே, உங்களிடமும் இப்படியொரு கார் இருந்தால் மூன்று விடயங்களை மறவாதீர்கள். ஒயிலின் நிறத்தையும் மணத்தையும் நீங்களே பாருங்கள். எந்த வகை ஒயில் என்பதைக் கார்க் கையேட்டில் பார்த்தே வாங்குங்கள். மாறி விட்டால் கியர்பொக்ஸ் பழுதாகிவிடும். வடித்த ஒயில் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பொனட்டைத் திறக்கப் பயந்திருந்த நான், இப்போது திறந்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறேன்.