கடலில் கரையும் பையா?

“மட்கும் பை சார், கடலில் போட்டாலும் கரைந்துவிடும்” என்று சொல்லிக் கூடுதல் விலைக்குப் பை தருபவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஐந்து வகைக் கடைப் பைகளை மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டுகள் போட்டு வைத்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ‘மட்கும்’ என்று விற்கப்பட்ட பை, மூன்றாண்டு கடலில் ஊறிய பிறகும் மளிகைச் சாமான் தாங்கியது! கம்போஸ்ட் பை மட்டும் மூன்றே மாதத்தில் கடலில் காணாமற் போயிற்று. அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது. பளு வைத்ததும் கிழிந்தது.

காரணம் என்ன? பையைக் கரைப்பது உப்புநீரல்ல, அதிலுள்ள பாக்டீரியாக்கள். அவை பையின் மேல் படலமாகப் படிந்து, நொதி சுரந்து, பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டித் தின்கின்றன. கடைசியில் கரியமில வாயுவும் நீருமாகிவிடும். ஆனால் சங்கிலி அந்த நொதிக்குப் பிடிபட வேண்டுமே! பி.எச்.ஏ. என்னும் பொருளைப் பாக்டீரியாக்களே தம் உடலில் கொழுப்புப் போலச் சேமிக்கின்றன. அதைத் தின்னத் தெரிந்தவை கடலிலும் உண்டு. மக்காச்சோள மாவிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வேறு ரகம், கம்போஸ்ட் ஆலையின் 58 டிகிரிச் சூட்டில் மட்கும், கடலிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஐ.எஸ். 17088 சான்றும் கம்போஸ்டுக்குத்தான், கடலுக்கல்ல. எனவே சரக்கு எடுக்குமுன், எந்தப் பொருளால் ஆனது, எங்கே சோதித்தது என்று பில்லோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் நாங்கள் வாங்குவதில்லை.