வண்டியின் மூளை

நாக்பூரிலிருந்து ஹைதராபாத் போகும் சாலை. உச்சி வெயில். ஆரஞ்சுப் பழம் ஏற்றிய ஒரு வேன் ஓரமாக நிற்கிறது. ஓட்டி வந்த இளைஞர்தான் அதன் சொந்தக்காரர். கடன் வாங்கி, பழைய வண்டியாக வாங்கினார். தவணை இன்னும் முடியவில்லை.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. ஸ்டார்ட் ஆகவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். “கம்ப்யூட்டர் போய்விட்டது. மாற்ற 30,000 ரூபாய் ஆகும்” என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இளைஞருக்குத் தலை சுற்றியது. டீசல் வண்டியில் கம்ப்யூட்டரா? அது கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

பழத்தை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினார். வாடகை போனது. வேனைக் கயிறு கட்டி இழுத்து, தனக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போனார். அங்கே ஒரு மூத்த மெக்கானிக் இருந்தார். வடக்கே அப்படிப்பட்டவரை ‘உஸ்தாத்’ என்று மரியாதையாக அழைப்பார்கள்.

கம்ப்யூட்டர் ஏன் வந்தது?

பழைய டீசல் வண்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை. டீசலை அளந்து கொடுக்க ஒரு பம்பு இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கம்பி இழுக்கும். பம்பு கூடுதலாக டீசல் தரும்.

வண்டிகள் பெருகின. புகையும் பெருகியது. புகைக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்கு ‘பாரத் ஸ்டேஜ்’ என்று பெயர். 2010-இல் மூன்றாம் நிலை நாடு முழுவதும் வந்தது. 2017-இல் நான்காம் நிலை வந்தது. 2020-இல், ஐந்தாம் நிலையை விட்டுவிட்டு, நேராக ஆறாம் நிலைக்குப் போனார்கள்.

புகை குறைய வேண்டுமானால் டீசலைச் சரியான அளவில், சரியான நேரத்தில் தெளிக்க வேண்டும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் தவறினாலும் எஞ்சின் சரியாக ஓடாது. அத்தனை வேகமாகக் கணக்குப் போடத்தான் கம்ப்யூட்டர் வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது?

அது ஒரு தட்டையான உலோகப் பெட்டி. மெக்கானிக்குகள் அதை ‘இ.சி.எம்.’ அல்லது ‘இ.சி.யு.’ என்பார்கள். நம் உடம்பில் மூளை இருப்பது போல வண்டிக்கு இது.

கண், காது, தோல் எல்லாம் மூளைக்குச் செய்தி சொல்கின்றன. வண்டியில் அந்த வேலையைச் சென்சார்கள் செய்கின்றன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? தண்ணீர் எவ்வளவு சூடு? ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார்கள்? எல்லாம் பெட்டிக்குப் போய்ச் சேரும். பெட்டி கணக்குப் போட்டு, “இவ்வளவு டீசல் தெளி” என்று இன்ஜெக்டருக்குக் கட்டளை இடும்.

மூளை நன்றாக இருந்தும் சாப்பாடு இல்லாவிட்டால் மனிதன் மயங்கி விழுவான். பெட்டிக்குச் சாப்பாடு மின்சாரம். அது ஒழுங்காக வராவிட்டால், நல்ல பெட்டியும் கெட்டது போலத் தெரியும்.

உஸ்தாத் என்ன செய்தார்?

“உஸ்தாத், புதுப் பெட்டி வாங்கி வரட்டுமா?” என்று கேட்டார் இளைஞர்.

“பொறு பேட்டா. முதலில் சோதிப்போம்” என்றார் உஸ்தாத். கையில் மீட்டரை எடுத்தார்.

முதலில் பேட்டரி. அது 12 வோல்ட் வண்டி. வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி சரியாக இருந்தது.

அடுத்து எர்த் வயர். எஞ்சினிலிருந்தும் பாடியிலிருந்தும் பேட்டரிக்குத் திரும்பும் கம்பி இது. இதன் முனையில் துரு பிடித்தால் போதும், பெட்டி தடுமாறும். உஸ்தாத் அதைக் கழற்றி, தேய்த்து, இறுக்கினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பிறகு ஃபியூஸ், ரிலே. இரண்டும் நல்லவை. பெட்டிக்குப் போகும் கம்பியில் 12 வோல்ட் வந்தது. ஆனாலும் சாவி போட்டதும் எரிய வேண்டிய எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஸ்கேனர் கருவியை மாட்டினார். பெட்டி பதில் சொல்லவில்லை.

சாப்பாடு போகிறது. ஆனால் பேச்சு இல்லை. அப்படியானால் பெட்டிதான் கெட்டதா? உஸ்தாத் இன்னும் முடிவு செய்யவில்லை.

சென்சார்களுக்குப் பெட்டி 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கும். அது வரவில்லை. ஒரே ஒரு சென்சாரின் உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும். ஒரு வீட்டில் கோளாறு வந்தால் தெருவே இருட்டாவது போல. அதனால் சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 5 வோல்ட் திரும்பி வந்திருந்தால் அந்தச் சென்சார்தான் குற்றவாளி. கடைசி வரை வரவில்லை.

பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டுப் பெட்டியின் கப்ளரைக் கழற்றினார். ஊசிகள் பச்சை பூத்திருந்தன. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

“எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவாயா?”

“வாரா வாரம் கழுவுவேன், உஸ்தாத்.”

ஊசிகளைச் சுத்தம் செய்து பார்த்தார். பயன் இல்லை. இப்போதுதான் உஸ்தாத் சொன்னார்: “பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.”

மாற்றுவது எப்படி?

பல்பு மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எண்கள் இருக்கும். புதுப் பெட்டியின் எண்ணும் அதோடு பொருந்த வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருப்பது போதாது.

பெட்டிக்குள் அந்த வண்டிக்கு உரிய குறிப்புகள் இருக்கும். பல வண்டிகளில் சாவியின் ரகசிய எண்ணும் அதில் உண்டு. அது பொருந்தாவிட்டால், திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து எஞ்சினை ஓடவிடாது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். பல வண்டிகளில் அதையும் புதுப் பெட்டியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் எஞ்சின் உதறும், புகை தள்ளும்.

அதனால் பழைய பெட்டியைத் தூக்கி எறியக் கூடாது. பெட்டி பேசாவிட்டாலும், விஷயம் தெரிந்தவர்கள் அதைத் திறந்து, நினைவுச் சில்லிலிருந்து குறிப்புகளை எடுக்க முடிவது உண்டு. சில பெட்டிகளைப் பழுது பார்க்கவும் முடியும்.

பழைய சாமான் கடையில் பெட்டி விலை குறைவாகக் கிடைக்கும். டில்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை போன்ற இடங்களில் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. வாங்கும்போது ரசீது கேட்க வேண்டும். திருட்டு வண்டியின் சாமானாக இருந்தால் வாங்கியவருக்கும் சிக்கல். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

இளைஞர் ரசீதோடு ஒரு பெட்டி வாங்கினார். எண் பொருந்தியது. நகரத்தில் ஒருவர் பழைய குறிப்புகளை அதில் ஏற்றிக் கொடுத்தார். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு உஸ்தாத் பெட்டியை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. அதுதான் நல்ல அடையாளம்.

ஒரு கேள்வி

புறப்படும்போது இளைஞர் கேட்டார்: “உஸ்தாத், அந்தக் கடைக்காரர் சொன்னது சரிதானே?”

உஸ்தாத் சிரித்தார். “சரிதான். ஆனால் சோதிக்காமல் சொன்னார். அடுத்த வண்டிக்கும் அதையே சொல்வார். அந்த வண்டிக்குத் தேவை எர்த் வயரைத் தேய்ப்பது மட்டும்தான் என்றால்?”

இளைஞர் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்சுவதில்லை. ஈரத் துணியால் துடைக்கிறார்.

நினைவில் வையுங்கள்

1. “கம்ப்யூட்டர் போய்விட்டது” என்று யாராவது சொன்னால், “எதைச் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். பேட்டரி, எர்த், ஃபியூஸ், ரிலே, சென்சார் எல்லாம் பார்த்த பிறகுதான் பெட்டி.

2. வண்டியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியின் இரண்டு இணைப்பையும், பெட்டியின் கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள்.

3. எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பை எடுக்காதீர்கள். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் வேனுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

4. எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் குழாயைத் தளர்த்தாதீர்கள். லாரி டயரில் காற்றின் அழுத்தம் சுமார் 8 பார். இந்தக் குழாயில் 1,000 பாருக்கும் மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

5. பெட்டியின் எண்ணையும், இன்ஜெக்டர் குறியீடுகளையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.