வக்கீல் படிப்பும் கிரிமினாலஜியும்: ஒண்ணா படிக்க முடியுமா?



போன வருஷம் ஜூன் மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஓர் உறுப்பினர் 40,000 ரூபாய் கேட்டார். "எதுக்குக்கா இவ்வளவு?" என்று ஊக்குநர் கேட்டார்.

"மக படிப்புக்குத்தான். கிரிமினாலஜியும் சட்டமும் ரெண்டு காலேஜ்ல ஒரே நேரத்துல படிக்கலாமாம். அஞ்சு வருஷத்துல ரெண்டு டிகிரி. ஒரு தம்பி சீட்டு வாங்கித் தர்றேங்கிறார். முன்பணம் இந்த வாரமே கட்டணுமாம்."

ஊக்குநர் தீர்மான நோட்டை மூடி வைத்தார். "கடன் இல்லேன்னு சொல்லலக்கா. ஒரு வாரம் பொறுங்க, விசாரிச்சுட்டு எழுதுவோம்" என்றார். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். நம் குழுக்களில் பிளஸ் டூ முடிக்கும் பெண் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்களே!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கிரிமினாலஜியைத் தமிழில் குற்றவியல் என்கிறோம். குற்ற வழக்குகளுக்கான சட்டத்தையும் குற்றவியல் சட்டம் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான் ஒருவன். சட்டம் படித்தவர் என்ன கேட்பார்? இது எந்தச் சட்டத்தில் வரும்? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாமா? பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவில் (பழைய 498-ஏ) வழக்குப் போடலாமா? சாட்சி யார்?

குற்றவியல் படித்தவர் வேறு கேள்விகள் கேட்பார். சம்பள நாளில் மட்டும் ஏன் அடி விழுகிறது? பத்து முறை அடி வாங்கியும் அவள் ஏன் ஸ்டேஷன் படி ஏறவில்லை? புகார் கொடுத்த அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள்? ஜெயிலுக்குப் போய் வந்தால் அவன் திருந்துவானா? குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனையால் என்ன ஆகிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன வேண்டும் என்று ஆராய்வதுதான் இந்தப் படிப்பு.

இரண்டும் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தால் எவ்வளவு பலம்! ஆகவே அந்தப் பிள்ளையின் ஆசையில் தப்பே இல்லை. அவளுக்குக் காட்டிய வழிதான் தப்பு.

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி கூடாதா?

2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அறிவித்தது உண்மை. அந்தத் தம்பி அந்தப் பேப்பர் செய்தியைத்தான் காட்டியிருக்கிறார். ஆனால் சட்டப் படிப்பு இந்திய பார் கவுன்சிலின் கட்டுப்பாட்டில் வருவது. 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள், சட்டப் படிப்பில் சேர்ந்தவர் அதே சமயம் வேறு ரெகுலர் பட்டப் படிப்பில் சேரக் கூடாது என்கின்றன. மொழி, கம்ப்யூட்டர் போன்ற சின்னச் சான்றிதழ் படிப்புக்கும், தொலைநிலைக் கல்வி மையம் நடத்தும் படிப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இரண்டு கல்லூரியிலும் ரெகுலராகச் சேர்ந்தால் பின்னால் வக்கீலாகப் பதியும்போது சிக்கல் வரும். ஐந்து வருஷ உழைப்பும் கடன் வாங்கிய பணமும் வீண்.

நேரான வழிகள்

முதல் வழி: பிளஸ் டூ முடித்து ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி. படிப்பது. பார் கவுன்சில் பாடத்திட்டத்திலேயே 'குற்றமும் குற்றவியலும்' என்று ஒரு விருப்பப் பாடப் பிரிவு இருக்கிறது. சேரப்போகும் கல்லூரியில் அது நடத்தப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி: மூன்று வருடம் பி.ஏ. குற்றவியல், அதன்பின் மூன்று வருட எல்.எல்.பி. மொத்தம் ஆறு வருஷம். பி.ஏ. குற்றவியல் சில கலைக் கல்லூரிகளில் இருக்கிறது.

மூன்றாம் வழி: முதலில் சட்டம், பிறகு மேற்படிப்பு. எல்.எல்.எம்.மில் குற்றவியல் சட்டப் பிரிவை எடுக்கலாம். இல்லையென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ, திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. குற்றவியல் படிக்கலாம்.

நான்காம் வழி: சட்டத்தை ரெகுலராகப் படித்துக்கொண்டே குற்றவியலைத் தொலைநிலையில் படிப்பது. சேரும் முன் சட்டக் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் சட்டத்தைத் தபாலில் படிக்க முடியாது. அப்படி வாங்கிய பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது.

எந்த வழி நல்லது?

இதை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடும் மகளோடும் பேசினோம். ஐந்து வருடப் படிப்பில் ஒரு வருஷம் மிச்சம். ஆனால் மூன்றாம் வருஷத்தில் நிறுத்தினால் பி.ஏ. பட்டம் மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், விதியே அப்படி. இரண்டாம் வழியில் ஒரு வருஷம் கூடுதல். ஆனால் மூன்று வருஷம் முடிந்ததும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

கேட்டுக்கொண்டிருந்த மகள் சட்டென்று, "அம்மா, மூணாவது வருஷம் மாப்பிள்ளை வந்தா என்ன செய்வே?" என்றாள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. சகோதரிகளே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் படிப்பையும் முடிவு செய்யாதீர்கள். பீஸ் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். கல்யாணத்தால் நின்ற பிள்ளைகளையும் அதே அளவு பார்த்திருக்கிறோம்.

தகுதியும் செலவும்

பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40. அரசு சட்டக் கல்லூரியில் போட்டி அதிகம் என்பதால் இதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். பத்தாவது, பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டத்தில் சேர முடியாது. நம் உறுப்பினர்கள் சிலருக்கே இது பொருந்தும், கவனியுங்கள்.

மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர், செங்கல்பட்டு போன்ற ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்கி, மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறது. இதற்குப் புரோக்கர் எதற்கு?

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு, 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

படித்து முடித்து வக்கீலாகப் பதியும்போதும் ஏமாறாதீர்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

என்ன வேலைக்குப் போகலாம்?

வக்கீல் தொழில் செய்யலாம். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு வழக்கறிஞர் வேலை, பெண்கள் குழந்தைகள் பாதுகாப்புப் பணிகள், தொண்டு நிறுவனங்கள் என்று வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொரு அறிவிப்பிலும் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பார்க்கணும். எஸ்.ஐ. வேலைக்குக் கிரிமினாலஜிதான் படிக்கணும் என்று இல்லை, ஏதாவது ஒரு பட்டம் போதும். முதல் சில வருஷம் வக்கீலுக்கு வருமானம் குறைவாகத்தான் இருக்கும். இதையும் மனதில் வைத்துக் கடன் வாங்குங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதுச் சட்டங்கள் வந்திருக்கின்றன. பழைய கைடு புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி ஏமாறாதீர்கள்.

கடைசியில் என்ன ஆச்சு?

அடுத்த வாரக் கூட்டத்துக்கு மகளும் வந்தாள். ஐந்து வருட பி.ஏ., எல்.எல்.பி.க்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அம்மா எழுந்து, "நடுவுல நிறுத்த மாட்டேன். நான் மறந்தா நீங்க எல்லாரும் கேளுங்க" என்றார். விடுதிச் செலவுக்கும் புத்தகத்துக்கும் 12,000 ரூபாய் உள்கடன் தீர்மானம் ஆனது. கேட்டது 40,000, தேவைப்பட்டது 12,000! அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்து, இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். தவணையும் தவறாமல் வருகிறது.

உங்கள் குழுவிலும் படிப்புக்குக் கடன் கேட்டு யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பை யார் அங்கீகரித்திருக்கிறார்கள்? பணத்துக்குக் கல்லூரி ரசீது உண்டா? நடுவில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? பதில் வரும்வரை தீர்மான நோட்டு மூடியே இருக்கட்டும்.