வீடு திரும்பிய பிறகு யார் பார்ப்பது?

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரத் தோட்டங்களிலிருந்து படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் பெற்றோருக்கு எடுத்துக் கொடுப்பது மருத்துவ அட்டை. நல்ல காரியம்தான். ஆனால், அந்த அட்டை எதுவரை துணை வரும் என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?

செம்பனை வெட்டும் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைச் செலவை அட்டை ஏற்கும். வீடு திரும்பிய பின் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்கவைக்கவும், சோறு ஊட்டவும் ஆள் வேண்டும். பெரும்பாலான அட்டைகள் இதற்குப் பணம் தருவதில்லை. தந்தாலும் சில காலத்திற்கே. கடைசியில் வீட்டில் ஒரு பெண் வேலையை விடுகிறாள். அவளுடைய சம்பளமும் சேமநிதியும் அன்றோடு நின்றுபோகின்றன.

இந்தச் செலவுக்கானதே நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி. சிங்கப்பூரில் 2002-இல் 'எல்டர்ஷீல்டு', 2020-இல் 'கேர்ஷீல்டு லைஃப்' திட்டங்கள் வந்தன. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து எழுந்து மாறி உட்காருதல் ஆகிய ஆறில் மூன்றைத் தனியாகச் செய்ய இயலாவிட்டால் 'கேர்ஷீல்டு லைஃப்' மாதந்தோறும் பணம் தரும். போதாது என்பவர்கள் தனியார் நிறுவனங்களிடம் கூடுதல் காப்புறுதி எடுக்கலாம்.

நம் நாட்டில் அப்படியொரு தேசியத் திட்டம் இல்லை. எனினும், 1971 முதல் சொக்சோ இருக்கிறது. உழைக்க இயலாத அளவு நோயுற்றவருக்கு 'பென்சன் இலாட்' உண்டு. எப்போதும் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டிய நிலை என மருத்துவக் குழு உறுதிசெய்தால், 'எலாவுன் லாயானான் செந்தியாசா' என்ற பெயரில் மாதம் 500 ரிங்கிட் கூடுதலாகக் கிடைக்கும். விண்ணப்பத்திற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. ஆனால், 60 வயதுக்குப் பின் வரும் நோய்க்கு இந்தப் பென்சன் இல்லை. அதன் பிறகு, வருமானம் குறைந்த குடும்பங்கள் படுத்த படுக்கையாக இருப்பவரின் பராமரிப்புக்குச் சமூக நல இலாகாவில் உதவி கேட்கலாம்.

தனியார் காப்புறுதி எடுப்பதாக இருந்தால், கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்த நிலையில் பணம் கிடைக்கும்? எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? எத்தனை ஆண்டுகள் தருவார்கள்? ஏற்கெனவே உள்ள நீரிழிவும் இரத்த அழுத்தமும் விலக்கப்பட்டுள்ளனவா?

பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும்; முகவர் சொன்னதை நம்பியே நம் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். அடுத்த விடுமுறையில் அந்தப் பத்திரத்தை நாமே வாசித்துச் சொல்வோம். அப்பாவின் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்றும் பார்ப்போம். குத்தகையாளரிடம் வேலை செய்பவராக இருந்தால் அதை முதலில் பார்க்க வேண்டும்.